ராகு காலத்துக்கு முன் நிறுத்திய சோதனை

போன வாரம் நம் சர்வீஸ்காரர்கள் குழுவில் ஒரு தம்பி படம் போட்டிருந்தார். பாகங்களைச் சேர்த்துப் புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டர், திரையின் மூலையில் பெரிய எண்ணில் கிளாக் ஸ்பீடு, அதாவது பிராசஸர் ஓடுகிற வேகம். அதன் கீழே இப்படி எழுதியிருந்தார்: "டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனா கஸ்டமர் அவரோட வேலைய செய்யும்போது மட்டும் தப்பு வருதுன்றார். எனக்கு அவர் மேலதான் சந்தேகமா இருக்குது." பத்துப் பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள்.

அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடையை மகனிடம் விட்டு நாளாகிறது. கை நடுங்குவதால் சின்ன ஸ்க்ரூவைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. ஆனாலும் எழுந்து எழுந்து நடந்தேன். 'அவர் மேலதான் சந்தேகம்' என்பதை ஒரு காலத்தில் நானும் சொன்னேன். வேறு வார்த்தையில் சொன்னேன், அவ்வளவுதான். அதனால் இதை எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் குறை வைக்காமல் சொல்ல ஏகாம்பரநாதர் துணை இருக்கட்டும்.

கஸ்தூரி என்று ஒரு பெண். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை பார்த்தாள். விடியுமுன் கம்பெனி பஸ் வரும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். மூன்று வருஷம் அப்படிப் போய், முதுகு கேட்காமல் விட்டுவிட்டாள். படம் போடுவதில் நல்ல கை. சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் போடக் கற்றுக்கொண்டாள். இப்போதெல்லாம் தறியின் மேல் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் பென் டிரைவைச் செருகினால், எந்தெந்த இழை தூக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் போட்ட கணக்குப்படி அது தூக்கும். அந்தக் கணக்கைப் போட்டுக்கொடுப்பதுதான் கஸ்தூரியின் வேலை.

நான்கு தறி வைத்திருந்த சம்பந்தம் மேஸ்திரி அவளுக்கு ஒரு பெரிய வேலை கொடுத்தார். வாலாஜாபாத்தில் ஒரு வீட்டுக் கல்யாணம், மணப்பெண்ணின் முகூர்த்தச் சேலை. முந்தானை முழுக்கக் கிளிகள். ஒன்று போல் ஒன்று இல்லாமல், கொத்துகிற கிளி, திரும்பிப் பார்க்கிற கிளி, சிறகை விரிக்கிற கிளி என்று பெண்வீட்டார் கேட்டிருந்தார்கள். இது சரியாக வந்தால் நான்கு தறிக்கும் இனி கஸ்தூரிதான் டிசைன் போடுவாள். வராவிட்டால் சென்னையில் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய்விடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். வீட்டில் அவளும் சொல்லிவிட்டாள், இதுவும் நிற்கவில்லை என்றால் ஒன்றாம் தேதியிலிருந்து மறுபடி கம்பெனி பஸ் என்று.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அவ்வளவு பெரிய முந்தானைக்குத் தாங்கவில்லை. என்னிடம் வந்தாள். "அண்ணா, வேகமா ஒண்ணு பூட்டிக் குடுங்கண்ணா" என்றாள். வேகம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஓவர்கிளாக் செய்யக் கற்றுக்கொண்ட புதுசு. தயாரித்தவன் வைத்து அனுப்பிய வேகத்துக்கு மேலே பிராசஸரை ஓட்டுவது. நாலு புள்ளி ஏழு கிகாஹெர்ட்ஸில் ஓட்டித் தருகிறேன் என்று வாய்விட்டேன். அவளுக்கு அந்த எண் புரியவில்லை. எனக்குத்தான் அந்த எண் வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் கற்பூரம் காட்டி இயக்கிவிட வேண்டும் என்று கஸ்தூரியின் மாமியார் சொல்லி அனுப்பினார். நியாயமான ஆசை. நானும் குங்குமம் வைக்காமல் எந்த மிஷினையும் கை மாற்றியதில்லை. முந்தின நாள் பகல் முழுக்கக் கடையில் வைத்துச் சாதாரண சோதனை ஓட்டியிருந்தேன். பிராசஸர் ஒரு தடவைகூடத் திணறவில்லை. இருந்தாலும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்து வயர்களைப் பூட்டியதும், கனமான சோதனை ஒன்றையும் ஓட்டிப் பார்த்தேன்.

அது என்ன கனமான சோதனை என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிராசஸருக்கு வரும் கட்டளைகள் எல்லாம் ஒரே எடை இல்லை. சில கட்டளைகள் ஓர் எண்ணை எடுத்து இன்னோர் எண்ணோடு கூட்டு என்று சொல்லும். ஏவிஎக்ஸ் என்று நாம் சொல்கிற வகைக் கட்டளைகள் எட்டு எண்களை ஒரே அடியில் வாரி எடுத்து இன்னும் எட்டோடு பெருக்கு என்று சொல்லும். ஓடுவது அதே வேகம்தான், ஆனால் தூக்குகிற சுமை பல மடங்கு. கரண்டை ஒரே இழுப்பாக இழுக்கும். சூடு ஏறும். இழுத்த இழுப்பில் வோல்டேஜ் ஒரு கணம் தாழும். கிளாக் என்பது தாளம் மாதிரி. ஒவ்வொரு தட்டு விழும்போதும் ஒரு கணக்கு முடிந்திருக்க வேண்டும். வோல்டேஜ் தாழ்ந்தால் கணக்கு பின்தங்கும். தாளமோ நிற்காது. முடியாத கணக்கை முடிந்ததாக எடுத்துக்கொண்டு பிராசஸர் அடுத்ததற்குப் போய்விடும்.

அதற்காகத்தான் பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் படிக்கிற அமைப்பில், ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இந்த வகைக் கனமான கட்டளை வந்தால் மட்டும் இத்தனை படி வேகத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்லிவைக்கலாம். ஆஃப்செட் என்போம். நான் அதில் பூஜ்யம் வைத்திருந்தேன். ஏன் என்றால், குறைத்து வைத்தால் கனமான வேலை ஓடும்போது திரையில் நாலு புள்ளி ஏழு என்பது நாலு புள்ளி நாலு என்று இறங்கிக் காட்டும். நான் சொன்ன எண் இறங்குவதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

கனமான சோதனை தொடங்கி நான்காவது நிமிஷம் பிழை என்று சிவப்பில் வந்து நின்றது. மணி பத்தேகால். வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். வாசலில் மாமியார் தேங்காய், வெற்றிலைத் தட்டோடு நிற்கிறார். கஸ்தூரி கையில் கற்பூரம். நான் சோதனையை மூடினேன். படம் போடுகிற பெண்ணுக்கு இவ்வளவு கனமான வேலை எங்கே வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் ஒன்று சொன்னேன், அதுதான் இன்றைக்கும் கூசுகிறது. காமாட்சி பார்த்துக்கொள்வாள் என்றேன். நான் பார்க்க வேண்டியதை அவள் தலையில் கட்டிவிட்டுக் கற்பூரத்தைக் காட்டினேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் பேர் இங்கே வேண்டாம், அவருக்கே பிடிக்காது. ரிப்பேருக்கு வந்த எதையும் 'ஓடுது' என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கவே விட மாட்டார். "ஓடுதா, சரியா ஓடுதா? ரெண்டுல எது? ஒண்ண சொல்லிட்டுக் குடு" என்பார். அவர் இருந்திருந்தால் அன்றைக்கு அந்தத் தட்டைக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. கஸ்தூரி கிளிகளைப் போட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் அந்த டிசைன் சாஃப்ட்வேர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. படத்தை இழைக் கணக்காக மாற்றுகிற வேலையைப் புதுப் பதிப்பு இந்தக் கனமான கட்டளைகளைக் கொண்டு செய்யத் தொடங்கியது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. படம் முடிந்து, எட்டு நிமிஷம் ஓடி, இழைக் கணக்கு வந்தது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை, தொங்கவில்லை. நின்றிருந்தால் எவ்வளவோ நல்லது.

சம்பந்தம் மேஸ்திரி புது டிசைனை நல்ல பாவில், அதாவது சேலைக்கென்று நீளவாக்கில் கட்டிய இழைகளில், உடனே ஏற்றுகிறவர் இல்லை. பழைய சேலை முடிந்து மிஞ்சிய பாவில் இரண்டு சாண் நெய்து பார்ப்பார். பார்த்தார். மேல் வரிசையில் ஒரு கிளிக்குக் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தை ஜரிகை மூடியிருந்தது. முகூர்த்தச் சேலையில் கண்ணில்லாத கிளி என்றால் நம் ஊரில் சொல்லவே வேண்டாம், எந்தப் பெண்வீட்டாரும் கையால் தொட மாட்டார்கள். கஸ்தூரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து படத்தைப் பார்த்தால், படத்தில் கண் இருக்கிறது. தான்தான் எங்கேயோ அழித்து எழுதியிருப்போம் என்று நினைத்து, மறுபடி கணக்குப் போட்டுக் கொண்டுபோனாள். இந்தத் தடவை கண் வந்தது. வேறொரு கிளிக்கு வால் நடுவில் அறுந்திருந்தது.

அன்றைக்கு மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். குரல் மெலிந்திருந்தது.

"அண்ணா, கம்ப்யூட்டர் கணக்குல தப்பு பண்ணுமாண்ணா?"

தம்பிகளே, தங்கைகளே, அவள் கேட்ட அந்த நொடியிலேயே சிவப்பு எழுத்து என் கண் முன்னால் வந்துவிட்டது. நான்காவது நிமிஷம், பத்தேகால் மணி, எல்லாம். வாய் என்ன சொன்னது தெரியுமா?

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா. மனுஷன்தான் பண்ணுவான். நிதானமா இன்னொரு தரம் பாரு."

சரிண்ணா என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பகல் எனக்குப் போகவே இல்லை. கடையில் ஒரு பிரிண்டரைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். டீ வாங்கி ஆறவிட்டேன். ஒரு வாடிக்கையாளரிடம் எதற்கோ எரிந்து விழுந்தேன். சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பிராகாரத்தை எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியாது. சுற்றிக்கொண்டே வேண்டினேன். என்ன வேண்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பென் டிரைவில் கோளாறாக இருக்கட்டும், தறிப் பெட்டியில் கோளாறாக இருக்கட்டும், அந்தப் பெண் தெரியாமல் அழித்ததாகவே இருக்கட்டும், நான் செய்ததாக மட்டும் இருக்க வேண்டாம் என்று வேண்டினேன். தீபாராதனை ஆனது. திருநீறு வாங்கி நெற்றியில் வைக்க மறந்து கையிலேயே மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

என் மனைவி சரசு கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கேட்காமல் விட மாட்டாள். சொன்னேன், வேண்டியது உட்பட. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அப்போ அந்தப் பொண்ண திரும்ப பஸ்ஸுல ஏத்திவுட்டு, உங்க பேர காப்பாத்துன்னு சாமிய கேட்டுட்டு வந்திருக்கீங்க. நல்லா இருக்குது உங்க பக்தி."

மறுநாள் காலையில் கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். அவள் கண் வீங்கியிருந்தது. முந்தின நாளே மேஸ்திரி முடிவாகச் சொல்லிவிட்டாராம். இன்றைக்கு மத்தியானம் சென்னைக்காரரிடம் பேசப்போகிறார். கல்யாணத்துக்குப் பதினாலு நாள், நெய்ய மட்டுமே பன்னிரண்டு நாள் வேண்டும்.

படத்தைத் தொடாமல் மூன்று தடவை கணக்குப் போடு, மூன்றையும் தனித்தனியாக வை என்றேன். எட்டு எட்டு நிமிஷம். அவள் நாற்காலியில், நான் அவள் பின்னால் நின்றுகொண்டும் நடந்துகொண்டும். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். ஒன்றில் ஒரு சிறகு, ஒன்றில் ஓர் அலகு, ஒன்றில் எந்தக் குறையும் இல்லை. மனிதன் படத்தில் செய்த தப்பு என்றால் செய்த இடத்திலேயே நிற்கும். இது இடம் மாறி இடம் மாறி வந்தது. அப்படி வந்தால் மிஷினிலிருந்துதான் வர வேண்டும்.

பயாஸுக்குள் போய் ஆஃப்செட்டை மூன்று வைத்தேன். கனமான கட்டளை வரும்போது மட்டும் நாலு புள்ளி நாலுக்கு இறங்கும்படி. மறுபடி மூன்று தடவை கணக்குப் போடச் சொன்னேன். மூன்றும் புள்ளிக்குப் புள்ளி ஒன்று. ஒவ்வொன்றும் அரை நிமிஷம் கூட எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கஸ்தூரிக்கு மூச்சு வந்தது. "இன்னாண்ணா, வைரஸா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நில்லுங்கள். ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. வைரஸ் மேல் பழியைப் போட்டால் அது வந்து மறுக்கப்போவதில்லை. மிஷின் சரியாகிவிட்டது. நான் நல்லவனாகவே எழுந்து போகலாம். ஆனால் மிஷின் சரியானதால் அவள் பேர் சரியாகிவிடாது என்று அப்போதுதான் உறைத்தது. மத்தியானம் மேஸ்திரி போன் செய்யப்போவது சென்னைக்கு.

வைரஸ் இல்லம்மா, நான்தான் என்றேன். வெள்ளிக்கிழமை பார்த்த சிவப்பு எழுத்தைச் சொன்னேன். சரியாக வந்த கணக்கைப் பென் டிரைவில் ஏற்றி என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேஸ்திரி வீடு வண்டியில் ஐந்து நிமிஷம். நான் இருபது நிமிஷத்தில் போனேன். தேர் நிற்கிற இடத்தை இரண்டு தடவை சுற்றினேன். அவர் காதில் விஷயம் விழுந்தால் ஊரில் இருக்கிற தறிக்காரர்கள் எல்லார் காதிலும் விழும். என் வாடிக்கையில் பாதி அவர்கள்தான். இதெல்லாம் மனசில் ஓடியது. ஓடாமல் இருந்தது என்று சொன்னால் பொய்.

அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். கையை நிறுத்தவில்லை.

"இன்னா கம்ப்யூட்டர்காரரே, அந்தப் பொண்ணு தூது அனுப்பிச்சா?"

"அவ அனுப்பல மேஸ்திரி. நானா வந்தேன். கிளிக்குக் கண்ணு போனது அவ தப்பு இல்ல. என் தப்பு."

கை நின்றது.

"அதெப்புடி? நேத்து அவளே இங்க நின்னு சொன்னாளே. 'நான் கூட மிஷின்னு நினைச்சேன் மேஸ்திரி, கம்ப்யூட்டர் அண்ணன கேட்டேன், மனுஷன்தான் தப்பு பண்ணுவான்னுட்டாரு, அப்போ என் தப்புதான்'னு. நீ சொன்னியா, சொல்லலியா?"

என் வார்த்தை எனக்கு முன்னால் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் தன் மேல் தானே பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சொன்னேன். என்னைக் காப்பாத்திக்க சொன்னேன்."

அவருக்குப் புரிகிற மாதிரி எனக்கு விளக்கத் தெரியவில்லை. எட்டு எண், வோல்டேஜ் என்று உளறினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், தறியில் இருந்த சேலையைக் காட்டினார். கோர்வைப் பட்டு, உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் இழைக்கு இழை கோர்த்து நெய்ய வேண்டும்.

"வெறும் உடலா இருந்தா என் கை பறக்கும். கோர்வை இருக்குதுன்னா கை தானா அடங்கும். அங்கயும் பறந்தா கரை ஒருபக்கம், உடல் ஒருபக்கம் பிச்சிக்கினு நிக்கும். நீ இன்னா பண்ண, கோர்வை வந்தாலும் அடங்காதன்னு மிஷினுக்குச் சொல்லிவெச்சிருக்க. அதானே?"

அதேதான் என்றேன். என்னைவிட அவர் நன்றாகச் சொன்னார்.

"இப்போ அடக்கிட்டியா?"

"அடக்கிட்டேன்."

"எவ்ளோ நேரம் கூட ஆவுது?"

"அரை நிமிஷம்."

"அரை நிமிஷமா." அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அரை நிமிஷத்துக்கா ஒரு பொண்ண இந்த வாசல்ல தலை குனிஞ்சி நிக்கவெச்ச?"

பென் டிரைவை நீட்டினேன். வாயால் சொன்னால் தறி ஓடாது, நெய்து பார்த்துத்தான் பேசுவேன் என்றார். கஸ்தூரிக்கும் ஆள் அனுப்பினார். மிச்சப் பாவு கட்டியிருந்த தறிக்கு மாறி உட்கார்ந்தார். அவள் வந்து சுவரோரமாக நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை.

முந்தானை இழை இழையாகத்தான் ஏறும். மேலே பெட்டி தட்டுகிறது, குறுக்கு இழையைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது. ஒரு கிளியின் கால் வர ஒரு யுகம். எனக்கு நிற்கவும் முடியவில்லை, நகரவும் பயம். அப்போது நானாக வேண்டிக்கொண்டேன், முந்தின நாள் வேண்டியதற்கு நேர் எதிராக. தாயே, தப்பு முழுக்க என்னுடையதாகவே இருக்கட்டும். ஒரு துளிகூட அவள் பக்கம் இருக்க வேண்டாம். நான் செய்ததாகவே இருந்துவிடட்டும். கும்பிடத் தெரிந்த நாளிலிருந்து நான் எனக்கு எதிராகக் கேட்டது அது ஒன்றுதான்.

மேல் வரிசை வந்தது. மேஸ்திரி நாடாவை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார்.

"கஸ்தூரிமா, நீயே வந்து பாரு."

ஜரிகைக்கு நடுவில் கடுகளவு சிவப்பு. நெய்த எல்லாக் கிளிக்கும் இருந்தது. வால்கள் முழுசாக இருந்தன. அவள் விரலால் ஒவ்வொரு கண்ணாகத் தொட்டுக்கொண்டே போனாள். மேஸ்திரி போனை எடுத்து, சென்னைக்காரரைக் கூப்பிட்டு, வேண்டாங்க, இங்கேயே ஆகிவிட்டது என்று சொன்னார். அடுத்த நாள் நல்ல பாவில் ஏறியது. பதின்மூன்றாம் நாள் சேலை வாலாஜாபாத் போனது.

தறிக்காரர்கள் காதில் விழத்தான் செய்தது. சிலர் வேறு கடைக்குப் போனார்கள். சிலர், தப்பை ஒத்துக்கொள்கிறவன் என்று அதற்காகவே வந்தார்கள். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. ஆனால் கஸ்தூரி பல மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. எதிரில் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். சரசு மூலமாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதாகச் சரசு வந்து சொன்னாள். வேகத்தைக் கூட்டி வைத்ததை அவள் எப்போதோ மறந்துவிட்டாளாம். போனில் கேட்டபோது, தெரிந்தே மனுஷன்தான் தப்பு பண்ணுவான் என்று சொன்னேனே, அதுதான் ஆறவில்லையாம்.

ஆகையால் படம் போட்ட தம்பிக்குச் சொல்கிறேன். வேகத்தைக் கூட்டுங்கள், ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் வாடிக்கையாளர் எந்த வேலையைச் செய்வாரோ அந்த வேலையையே கொடுத்துச் சோதியுங்கள். கனமான கட்டளை வரும்போது எண் இறங்கினால் இறங்கட்டும், அது அவமானம் இல்லை, அடக்கம். அவர் தப்பு வருகிறது என்று சொன்னால், முதலில் உங்கள் கையைப் பாருங்கள். ஒருவேளை அவர் தப்பாகவே இருக்கலாம். இருந்தாலும் முதலில் உங்கள் கை. இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போங்கள். நாளைக்கு என்று வைத்தால் அதற்குள் அவர் தன்னையே சந்தேகப்படத் தொடங்கியிருப்பார்.

கொஞ்ச வருஷம் கழித்து, நான்கு தறி வேலை எட்டுத் தறி வேலையாகி, கஸ்தூரி பெரிய கம்ப்யூட்டர் வாங்கினாள். யார் பூட்டுவது என்று அவள் வீட்டில் பேச்சு வந்திருக்கிறது. எனக்குத்தான் போன் வந்தது. அதே மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதே கால். அவள் மாமியார் அதே தட்டோடு அதே வாசலில். பூட்டி முடித்து நான் நிமிர்ந்தபோது கற்பூரத்தைக் கஸ்தூரி கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவில்லை.

"மொதல்ல கனமான டெஸ்டு ஓடட்டும்ணா. கற்பூரம் அப்புறம்."

பத்தரைக்கு ராகு காலம் தொடங்கியது. மாமியார் தட்டை உள்ளே வைத்துவிட்டு மூவருக்கும் காப்பி போட்டார். நான் நடந்தேன், உட்கார்ந்தேன், நடந்தேன். கஸ்தூரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு ராகு காலம் முடிந்தது. சோதனை முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அதையும் இருந்து பார்த்தோம். பிழை ஒன்றும் இல்லை என்று வந்த பிறகுதான் கையை நீட்டிக் கற்பூரத்தைக் கொடுத்தாள்.

"இப்போ ஏத்துங்கண்ணா" என்றாள்.